அரிய தாவர விதைப் பெட்டி: விதைகள் தரமானவை, வழிகாட்டிதான் போதாது

அரிய செடிகளை வீட்டிலேயே விதையிலிருந்து வளர்க்க விரும்புவோருக்கென்று, விதைப் பொட்டலங்களும் முளைப்புத் தட்டும் சேர்ந்த பெட்டிகள் இப்போது பலரால் ஏறக்குறைய ஒரே வடிவில் விற்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றை அஞ்சலில் வாங்கி, உள்ளே இருந்த ஆறு வகை விதைகளையும் விதைத்து, முளைத்தவை தொட்டி மாற்றும் அளவுக்கு வளரும் வரை பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விதைகள் பெரும்பாலும் நல்லவை, கருவிகளில் பாதி பயன்படும், கூடவே வரும் வழிகாட்டி அட்டையை அப்படியே பின்பற்றினால் ஆறில் மூன்று வகை முளைக்கவே வாய்ப்பில்லை. பெட்டி வாங்கத் தகுந்ததுதான்; ஆனால் ஒவ்வொரு விதையும் முளைக்க எதை எதிர்பார்க்கிறது என்பதை வாங்குபவர் வேறு இடத்தில் தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் இருப்பவை இவை. சொர்க்கப் பறவை மலர் எனப்படும் ஸ்ட்ரெலிட்சியா ரெஜினே, பாவோபாப் என்ற பெருக்க மரம், கூழாங்கல்லைப் போலத் தோன்றும் லித்தாப்ஸ், பூச்சி பிடிக்கும் வீனஸ் பொறிச்செடி, வௌவால் பூ எனப்படும் டாக்கா சாண்ட்ரியேரி, தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் வளரும் வெல்விட்சியா ஆகியவற்றின் விதைகள் தனித்தனிப் பொட்டலங்களில் இருந்தன. அவற்றுடன் ஒளி ஊடுருவும் மூடியுள்ள ஒரு முளைப்புத் தட்டு, நீரில் ஊறி உப்பும் தென்னை நார் வில்லைகள், மின்சாரத்தில் இயங்கும் ஒரு வெப்ப விரிப்பு, பெயர்ப் பட்டைகள், ஒற்றைப் பக்க வழிகாட்டி அட்டை ஆகியவையும் வந்தன.

விதைகளைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தாவரங்களைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்பதைப் பொட்டலங்களைப் பிரித்த உடனேயே உணர முடிந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் தாவரவியல் பெயர் முழுமையாக, பேரினமும் சிற்றினமும் பிழையின்றி அச்சிடப்பட்டிருந்தது. அரிய விதை விற்பனையில் இது சிறிய விஷயம் அல்ல. வழக்குப் பெயரை மட்டும் போட்டு விற்கப்படும் பொட்டலத்தில் எந்த இனம் இருக்கிறது என்பதைச் செடி வளர்ந்து பூக்கும் வரை அறிய வழியில்லை. உலர்த்தினால் இறந்துவிடும் வகை எதுவும் இத்தொகுப்பில் இல்லை என்பதும் நல்ல தேர்வுக்கு அடையாளம். கொக்கோ, ரம்புத்தான் போன்றவற்றின் விதைகள் ஈரம் குறைந்தால் உயிரிழந்துவிடும். அவற்றைப் படலப் பொட்டலத்தில் அடைத்து அஞ்சலில் அனுப்புவது வாங்குபவரை ஏமாற்றுவதற்குச் சமம். உலர்வைத் தாங்கும் விதை, தாங்காத விதை என்ற இந்தப் பிரிவினையை 1973இல் இ. எச். ராபர்ட்ஸ் என்ற விதையியலாளர் வகுத்துக் கொடுத்தார். இன்றைய விதை வங்கிகள் அனைத்தும் அதன் அடிப்படையில்தான் எந்த விதையை உலர்த்திக் குளிரில் வைக்கலாம் என்று முடிவுசெய்கின்றன.

ஆனால் பொட்டலங்களில் விதை எப்போது அறுவடை செய்யப்பட்டது என்ற குறிப்பு இல்லை. பெட்டியின் அடிப்புறத்தில் பொதியப்பட்ட ஆண்டு மட்டும் இருக்கிறது; பொதிந்த ஆண்டும் அறுவடை ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. விதையின் ஆயுள் அதன் ஈரப்பதத்தையும் அது வைக்கப்பட்டிருந்த வெப்பத்தையும் பொறுத்தது. உலர்வைத் தாங்கும் விதைகளில் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தாலும், வெப்பநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் சேமிப்பு ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் வகுத்த தோராய விதி. அதைத் திருப்பிப் பார்த்தால், வெக்கையான கிடங்கில் ஒரு கோடைக்காலத்தைக் கழித்த விதை எவ்வளவு இழந்திருக்கும் என்பது புரியும். இஸ்ரேலின் மசாதா கோட்டையில் கிடைத்த சுமார் 2000 ஆண்டுப் பழமையான பேரீச்ச விதை 2005இல் முளைத்தது உண்மைதான். அது வறண்ட பாலை நிலத்தில் கிடந்த கடினமான விதை. அந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லா விதையும் பல்லாண்டு காத்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தத் தொகுப்பிலேயே பாவோபாப் விதை ஆண்டுக்கணக்கில் தாங்கும். டாக்கா விதையோ பழையதாக ஆக ஆக விரைவில் வலுவிழக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, தேதி எதுவும் சொல்லாமல் விற்பது நியாயமாகப் படவில்லை.

இனி வழிகாட்டி அட்டை. ‘வில்லைகளை நீரில் ஊறவையுங்கள், விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள், மூடியைப் போட்டு விரிப்பின் மேல் வையுங்கள், இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைக்கும்’ என்று ஆறு விதைகளுக்கும் சேர்த்து ஒரே அறிவுரையை அது தருகிறது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் இது பொருந்தலாம். வெவ்வேறு நிலங்களில், வெவ்வேறு ஆபத்துகளுக்கு நடுவில் உருவான ஆறு தாவரங்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? விதை முளைக்காமல் இருப்பதற்கு அது செத்துவிட்டது என்பது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. முளைக்கத் தகுந்த காலம் இன்னும் வரவில்லை என்று அது உறக்கத்தில் இருக்கலாம். அந்த உறக்கம் ஒவ்வொரு இனத்திலும் ஒவ்வொரு விதமாகக் கலைகிறது. அரிய செடிகளை விதையிலிருந்து வளர்ப்பதில் இருக்கும் அறிவும் இன்பமும் பெரும்பகுதி இதில்தான் அடங்கியிருக்கிறது. அட்டையை எழுதியவர் அதைத்தான் விட்டுவிட்டார்.

ஸ்ட்ரெலிட்சியா விதையைக் கையில் எடுத்துப் பார்த்தாலே அட்டையின் போதாமை விளங்கும். பட்டாணி அளவில் கறுப்பாக, கல் போன்ற உறுதியோடு இருக்கிறது. அதன் ஒரு முனையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் கம்பளிக் குஞ்சம் போல ஒரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பறவைகளை ஈர்ப்பதற்கான அந்தக் குஞ்சம் மண்ணுக்குள் போனால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே அதை விரலால் கிள்ளி நீக்கிவிட வேண்டும். பிறகு விதையுறையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். முதலில் கறுப்புத் தூள்தான் உதிரும். உள்ளே வெளிறிய நிறம் ஒரு புள்ளியாகத் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் கருவுக்குச் சேதம் வரும். அதற்குப் பின் வெதுவெதுப்பான நீரில் ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஊன்றினால், ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் முளைக்கும். சில விதைகள் அதற்கும் மேல் காக்க வைக்கும். எனக்கு வந்த பொட்டலத்தில் பெரும்பாலான விதைகள் முளைத்தன. ஆனால் அட்டை சொன்ன நான்கு வாரத்தில் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த அட்டையை நம்பியவர் அப்போதே தட்டைக் கொட்டியிருப்பார்.

பாவோபாப் விதையின் சிக்கலும் உறைதான். நீரே உள்ளே புகாத அளவுக்கு அதன் உறை இறுகியிருக்கிறது. ஆய்வகங்களில் அடர் கந்தக அமிலத்தில் நனைத்து உறையை மெலியச் செய்வார்கள். வீட்டில் அமிலத்தைத் தொடவே வேண்டாம். கொதித்து இறக்கிய நீரை விதைகளின் மேல் ஊற்றி, அது ஆறி மறுநாள் வரை அப்படியே விட்டுவைத்தால் போதும்; ஊறிய விதை ஊறாததைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி உப்பியிருக்கும். உப்பாதவற்றை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம். ஊறவைக்கும்போது மிதக்கும் விதைகளைச் செத்தவை என்று கருதி எறிந்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நல்ல விதையும் உறைக்குள் காற்று தங்கியிருந்தால் மிதக்கும், செத்த விதையும் மூழ்கும் என்பதால் அந்தச் சோதனையை நம்பி எதையும் எறிய வேண்டாம். இந்தத் தொகுப்பில் மிக விரைவாகவும் வலுவாகவும் வளர்ந்தது பாவோபாப்தான். புதிதாகத் தொடங்குபவருக்கு மனநிறைவைத் தரக்கூடிய விதை இது.

வீனஸ் பொறிச்செடியின் கதை நேர் எதிரானது. கண்ணீர்த் துளி வடிவில், பளபளக்கும் கறுப்பு நிறத்தில், கடுகைவிடச் சிறியதாக இருக்கும் அந்த விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தால் அது வெளியே வரப்போவதில்லை. உள்ளே இருக்கும் சேமிப்பு உணவு அவ்வளவு தூரம் தண்டை உந்தித் தள்ளப் போதாது. இத்தகைய நுண்விதைகளில் பல, ஒளி படுகிறதா என்று அறிந்த பிறகே முளைக்கத் தொடங்குகின்றன. லெட்யூஸ் கீரை விதையைச் சிவப்பு ஒளி முளைக்கத் தூண்டுகிறது, அகச்சிவப்பை ஒட்டிய தொலைசிவப்பு ஒளி அந்தத் தூண்டலை அழித்துவிடுகிறது என்பதை அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக்கும் ஹெண்ட்ரிக்ஸும் தம் குழுவினருடன் 1952இல் நிறுவினார்கள். செடிகள் ஒளியை உணர உதவும் பைட்டோகுரோம் என்ற நிறமியைக் கண்டறிவதற்கு அதுவே வழிவகுத்தது. ஆகவே இந்த விதைகளை மண்ணின் மேல் தூவி, மெல்ல அழுத்திவிட்டு, மூடாமல் விட வேண்டும். மேலும் இச்செடியின் தாயகம் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில் உள்ள ஈரச் சதுப்பு நிலம். அங்கே குளிர்காலம் உண்டு. புதிதாகப் பறித்த விதை நேரடியாகவே முளைக்கும். சேமித்து வைத்திருந்த விதையை ஈரத்தாளில் சுற்றி நான்கு முதல் ஆறு வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்த பிறகு விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். அட்டையோ இதை நேராக வெப்ப விரிப்பில் வைக்கச் சொல்கிறது.

இதைவிடப் பெரிய குறை, பொறிச்செடிக்கும் அதே தென்னை நார் வில்லையைக் கொடுத்திருப்பது. சத்தே இல்லாத அமில மண்ணில் வாழப் பழகியதால்தான் அந்தச் செடி பூச்சியைப் பிடிக்கிறது. நன்றாகக் கழுவப்படாத தென்னை நாரில் உப்பு தங்கியிருக்கும். வில்லைகளில் உரம் கலந்திருப்பதும் உண்டு. இரண்டுமே அதன் வேரைக் கொல்லும். உரம் சேர்க்காத பீட் (சதுப்பு நிலத்தின் மக்கு மண்) அல்லது ஸ்பாக்னம் பாசியுடன் கழுவிய மணல் கலந்த கலவையும், மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோதான் அதற்கு ஏற்றவை. பெட்டியில் ஒரு கைப்பிடி பீட்டைத் தனியாக வைத்திருந்தால் இந்தக் குறை தீர்ந்திருக்கும்.

லித்தாப்ஸ் விதை தூசி போன்றது; தும்மினால் பறந்துவிடும். இதன் காய் தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் மழை பட்டால்தான் வாய் திறக்கும், காய்ந்தால் மூடிக்கொள்ளும். விதை சிதறும் நேரமும் ஈரம் கிடைக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. 1811இல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கில இயற்கையியலாளர் தரையில் கிடந்த ஒரு விசித்திரக் கூழாங்கல்லைக் கையில் எடுத்தபோதுதான் அது செடி என்று தெரிந்து வியந்தார். இந்த விதையையும் புதைக்காமல் மண்ணின் மேல் தூவுவதே முறை. கலவை முக்கால் பங்கு மணலும் சிறுகல்லுமாக இருக்க வேண்டும். முளைக்கும் வரை மூடிக்குள் ஈரக்காற்று தேவை. முளைத்த பின் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து காற்றுக்குப் பழக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை மணிகளைப் போலத் தோன்றும் நாற்றுகள், பின்னர் நடுவில் பிளந்து அடுத்த இலை இணையை வெளியே விடும்போது பழைய இலையின் நீரையும் சத்தையும் புது இலை உறிஞ்சிக்கொள்வதைக் கண்ணால் காணலாம். பழைய இணை சுருங்கிக் காகிதமாகும் வரை நீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் காட்சிக்காக மட்டுமே லித்தாப்ஸை விதையிலிருந்து வளர்க்கலாம் என்பேன்.

டாக்கா எனக்கு ஏமாற்றத்தைத் தந்தது. கரும்பழுப்புச் சிறகுகளும் நீண்டு தொங்கும் மீசை இழைகளும் கொண்ட அந்தப் பூவின் படம்தான் பெட்டியின் முகப்பில் பெரிதாக இருக்கிறது. வாங்குபவர்களில் பலர் அதற்காகவே வாங்குவார்கள். தென்கிழக்காசியக் காடுகளின் நிழலில் வளரும் இதற்கு 27 முதல் 30 டிகிரி வரை தளராத வெப்பமும், ஈரமும், மாதக்கணக்கான பொறுமையும் வேண்டும். வெப்ப விரிப்பு உண்மையிலேயே பயன்படுவது இந்த ஒரு விதைக்குத்தான். ஆனால் எனக்கு வந்த பொட்டலத்தின் விதைகளில் பெரும்பாலானவை தொட்டாலே நசுங்கும் அளவுக்கு உள்ளீடற்றிருந்தன, மீதமிருந்தவையும் முளைக்கவில்லை. அறுவடைத் தேதியை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு இதுவே சான்று.

வெல்விட்சியாவைத் தொகுப்பில் சேர்த்திருப்பது துணிச்சலான முடிவு, எனக்குப் பிடித்திருந்தது. ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் வெல்விட்ச் 1859இல் அங்கோலாவின் தெற்குப் பகுதியில் கண்டெடுத்த இந்தச் செடி, வித்திலைகளுக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகளைத்தான் விடும். அவை அடியிலிருந்து வளர்ந்துகொண்டே போக, நுனி காய்ந்து கிழிந்துகொண்டே இருக்கும். ஆயிரம் ஆண்டுகளைக் கடந்ததாக மதிப்பிடப்படும் செடிகள் நமீப் பாலைவனத்தில் இருக்கின்றன. சிறகு போன்ற மெல்லிய தாள் சூழ்ந்த இதன் விதைக்கு உறக்கம் என்று பெரிதாக எதுவும் இல்லை, வெதுவெதுப்பில் விரைவாகவே முளைக்கும்; ஆனால் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சை காட்டிலேயே இதன் விதைகளில் தொற்றியிருப்பது வழக்கம் என்பதால், சிறகை நீக்கி, பூஞ்சைக்கொல்லித் தூளில் புரட்டி, சுத்தமான மணல் கலவையில் விதைப்பது அவசியம். மூடிய தட்டும், ஈரம் தேங்கும் நார் வில்லையும் அந்தப் பூஞ்சைக்கு விருந்து வைத்ததைப் போல. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் முதலிலிருந்தே உயரமான தொட்டியும் வேண்டும். அட்டையில் இவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

கருவிகளுக்கு வருவோம். முளைப்புத் தட்டு உறுதியானது, மூடியில் திறந்து மூடக்கூடிய காற்றுத் துளைகள் இருக்கின்றன. அவற்றைத் திறப்பது நாற்றழுகல் நோயைத் தடுக்கும் முதல் வழி. பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் ஈரமும் அசைவற்ற காற்றும் கிடைத்தால் ஓரிரவில் நாற்றுகளின் அடித்தண்டை நீர்த்துப்போகச் செய்து சாய்த்துவிடும். சாய்ந்த பிறகு மருந்து எதுவும் பயன்படாது. வெப்ப விரிப்பு அறை வெப்பத்தைவிடச் சுமார் 10 டிகிரி உயர்த்துகிறது, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. குளிர்ந்த அறையில் அது வரப்பிரசாதம், ஏற்கெனவே சூடான அறையில் அதுவே விதையை வேகவைத்துவிடும். வில்லைக்குள் செருகும் ஒரு வெப்பமானியை வாங்குபவரே சேர்த்துக்கொள்வது நல்லது. பெயர்ப் பட்டைகளில் சாதாரணப் பேனா மை சில வாரங்களிலேயே வெளுத்துவிடும். பென்சிலால் எழுதினால் நிற்கும். முளைத்தபின் ஒளி தருவதற்கான விளக்கு எதுவும் பெட்டியில் இல்லை, அது குறையும் அல்ல. ஆனால் ‘ஜன்னலோர வெளிச்சமே போதும்’ என்று அட்டை சொல்வதை ஏற்க முடியாது. லித்தாப்ஸும் பொறிச்செடியும் மங்கிய ஒளியில் நீண்டு, வெளிறி, சாய்ந்துவிடும்.

பெட்டியின் முகப்புப் படங்களையும் அந்த விற்பனையாளரின் மற்ற பட்டியலையும் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. முகப்பில் இருப்பவை அனைத்தும் முழு வளர்ச்சியடைந்து பூத்த செடிகள். ஸ்ட்ரெலிட்சியா விதையிலிருந்து பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகளாவது ஆகும், பெரும்பாலும் அதற்கும் மேல். பொறிச்செடி முழு அளவை எட்டவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் வேண்டும். இதைப் பெட்டியிலேயே எழுதியிருந்தால் யாரும் வாங்காமல் போய்விட மாட்டார்கள்; இத்தகைய செடிகளை நாடுவோர் காத்திருக்கத் தயாராகவே வருகிறார்கள்.

பட்டியலில் ‘நீல ரோஜா விதை’யும் ‘ஆர்க்கிட் விதைக் கலவை’யும் இருப்பதுதான் உண்மையில் வருத்தம் தருகிறது. ரோஜாவில் நீலத்துக்கு அடிப்படையான டெல்பினிடின் நிறமி இயற்கையில் உருவாவதில்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றத்தின் வழியே அதை உருவாக்கி 2004இல் அறிவித்து, 2009 முதல் பூக்களாக விற்றது. அதுவும் ஊதா சாயலில்தான் இருந்தது, விதையாக எங்கும் விற்கப்பட்டதில்லை. ஆர்க்கிட் விதை உண்மையிலேயே விதைதான், ஆனால் அதில் முளைக்கருவுக்கான உணவுச் சேமிப்பு கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை அதற்குள் புகுந்து உணவூட்டினால்தான் அது முளைக்கும் என்பதைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் 1899இல் கண்டறிந்தார். பூஞ்சை இல்லாமல் சர்க்கரை கலந்த அகார் கூழில், கிருமி நீக்கிய குடுவைக்குள் முளைக்க வைக்க முடியும் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். அந்த வசதி எதுவும் இல்லாதவருக்கு ஆர்க்கிட் விதையை விற்று, மண்ணில் தூவச் சொல்வது எந்த வகையிலும் நேர்மையான வணிகம் ஆகாது. தாவரவியல் பெயரைப் பிழையின்றி அச்சிடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

இவ்வளவு குறைகளைச் சொல்லியும் இந்தப் பெட்டி வாங்கத் தகுந்தது என்று முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. அரிய செடிகளை விரும்புவோர் பெருகப் பெருக, அவற்றை இயற்கை வாழிடத்திலிருந்து பிடுங்கி விற்பதும் பெருகுகிறது. தென்னாப்பிரிக்காவில் லித்தாப்ஸின் உறவினமான கோனோபைட்டம் செடிகள் அண்மை ஆண்டுகளில் மூட்டை மூட்டையாகத் திருடப்படுகின்றன. பொறிச்செடியைக் காட்டிலிருந்து திருடுவதை வட கரோலினா மாநிலம் 2014 டிசம்பர் முதல் கடுங்குற்றமாக அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. வளர்ந்த செடியை வாங்கும்போது அது தோட்டத்தில் வளர்ந்ததா, காட்டிலிருந்து வந்ததா என்று உறுதிசெய்வது கடினம். பண்ணையில் வளர்க்கப்பட்ட தாய்ச்செடியின் விதையிலிருந்து வீட்டில் முளைத்த செடிக்கு அந்தக் களங்கம் இல்லை. இந்தப் பெட்டியின் விதைகள் சாகுபடியில் பெறப்பட்டவை என்று விற்பனையாளர் எழுத்தில் தெரிவித்திருக்கிறார். அந்த ஒரு வரிக்கு நான் பெருமதிப்புக் கொடுக்கிறேன்.

விதைகள் எல்லை தாண்டி வரும்போது பல நாடுகளில் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். விதையோடு நோய்க்கிருமியும் களைவிதையும் வரக்கூடும் என்பதே காரணம். 2020இல் அமெரிக்காவில் பலருக்குக் கேட்காமலேயே அஞ்சலில் விதைப் பொட்டலங்கள் வந்தபோது, அவற்றை விதைக்க வேண்டாம் என்று அந்நாட்டு வேளாண்மைத் துறை எச்சரித்ததும் அதனால்தான். எனக்கு வந்த பெட்டியில் சான்றிதழின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. விலையைக் குறைக்க இதை விட்டுவிடும் விற்பனையாளர்களும் இருப்பதால், வாங்குமுன் கேட்டுக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு.

டாக்கா முளைக்காதது பற்றி விற்பனையாளருக்கு எழுதினேன். முதலில் வந்த பதில் ‘விரிப்பின் மேல் வைத்தீர்களா’ என்று கேட்கும் ஆயத்தப் பதில். உள்ளீடற்ற விதைகளை நறுக்கிப் படமெடுத்து அனுப்பிய பிறகு, மறுப்பேதும் சொல்லாமல் வேறொரு பொட்டலத்தை இலவசமாக அனுப்பினார்கள். அதன் மேல் அறுவடை மாதமும் ஆண்டும் கையால் எழுதப்பட்டிருந்தன. இந்த இரண்டாவது பொட்டலத்தின் விதைகள் கெட்டியாகவும் கனமாகவும் இருந்தன, அவற்றில் சில முளைக்கவும் செய்தன. ஆக, தேதி அவர்களிடம் பதிவாகத்தான் இருக்கிறது; அதை எல்லாப் பொட்டலத்திலும் அச்சிடுவதற்குத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை. விதைக்கு ஒன்றாக ஆறு சிறு துண்டுத்தாள்களை வைப்பதற்கும் அப்படித்தான்.

இந்த ஆறு விதைகளையும் அதே விற்பனையாளர் தனித்தனிப் பொட்டலங்களாகவும் விற்கிறார். முளைப்புத் தட்டும் வெப்ப விரிப்பும் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பெட்டியை விட்டுவிட்டு, பாவோபாப், லித்தாப்ஸ், ஸ்ட்ரெலிட்சியா ஆகிய மூன்றை மட்டும் தனியாக வாங்கலாம். டாக்கா வேண்டுமென்றால் அறுவடைத் தேதியை எழுத்தில் பெற்ற பிறகே பணம் செலுத்துங்கள். வெல்விட்சியாவை மட்டும், உயரமான தொட்டியையும் மணல் கலவையையும் தயார் செய்து முடித்த பிறகு வரவழைப்பது நல்லது. முளைத்தபின் வேரை அசைத்து இன்னொரு தொட்டிக்கு மாற்றுவதை அது எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை.